மலையில்லாத வன்னியில் மவுண்டன் சைக்கிள் ஓட நான்கு நாள்

உங்கள் கேள்வியை நான் விளங்கிக்கொண்டபடி முதலில் சொல்லிவிடுகிறேன். நீங்களும் நண்பர் ஒருவரும் பதினைந்து வயது மருமகனும் சொந்த மவுண்டன் சைக்கிள்களோடு வட இலங்கையின் வன்னிக்கு வருகிறீர்கள். கையில் நான்கு நாள் இருக்கின்றது. ஒரே சிறு பட்டணத்தில் தங்கி, நாளுக்கொரு விதமான பாதையில் ஓட வேண்டும் என்பது உங்கள் விருப்பம். மலையே இல்லாத நிலத்துக்கு அந்தச் சைக்கிளைக் காவிக்கொண்டு வருவது வீண் சுமையா என்று கேட்டிருக்கிறீர்கள். இரண்டாம் முறை வாசித்தபோது, நீங்கள் வெளிப்படையாக எழுதாத இன்னொரு கேள்வியும் அதற்குள் இருப்பதாக எனக்குப் பட்டது: வன்னியில் தார் வீதியை விட்டு இறங்கலாமா என்பதே அது. முதற் கேள்விக்கு விடை எளிது. வீண் சுமை இல்லை, நான்கு நாளும் நான்கு விதமாக ஓடலாம். இரண்டாவதற்குத்தான் நீளமாகப் பதில் சொல்ல வேண்டியிருக்கிறது.

நான் பந்தயக்காரனும் அல்லன், பயிற்றுநனும் அல்லன். நீர்ப்பாசன வேலையில் முப்பது ஆண்டுகளுக்கு மேல் களத்தில் நின்றவன். குளக்கட்டும் துருசும் (மதகும்) வாய்க்காலும் பார்க்கப் போனதெல்லாம் பெரும்பாலும் சைக்கிளில்தான். எரிபொருள் தடைப்பட்டிருந்த போர்க்காலத்தில் வன்னியில் விறகு, நெல்மூட்டை, நோயாளி எல்லாமே சைக்கிளில் போயின. டைனமோவைச் சுழற்றி வானொலிச் செய்தி கேட்ட வீடுகளும் அக்காலத்தில் இருந்தன. ஓய்வு பெற்றபின் ஊர்ப் பிள்ளைகள் சிலரோடு சேர்ந்து அகல ரயர் போட்ட கியர் சைக்கிளில் அதே பாதைகளை மறுபடியும் ஓடி வருகிறேன். ஆகவே நிலம், நீர், பாதை ஆகியவற்றைப் பற்றி நான் சொல்வதை நீங்கள் நம்பலாம். பாறையிலிருந்து தாவுவதையும் செங்குத்தாக இறங்குவதையும் அவற்றில் பயின்றவர்களிடமே கேளுங்கள்.

வன்னி மேடுபள்ளம் குறைந்த நிலம். மாங்குளம் போன்ற உட்பகுதிகள்கூடக் கடல்மட்டத்திலிருந்து நூறு மீற்றர் உயரத்தை எட்டுவதில்லை. ஆனால் இருபது கிலோமீற்றருக்குள் காலடி மண் மூன்று முறை மாறிவிடும். காட்டோரத்தில் கபில நிறச் செம்மண். அது காய்ந்தால் சீமெந்துபோல் இறுகும், நனைந்தால் சில்லைப் பிடித்துக்கொண்டு விடாது. தோட்ட நிலங்களில் நீரை உடனே உறிஞ்சும் ஆழமான செம்மண். குளத்துக்குக் கீழே வயற்களி. கரையோரத்தில் வெண்மணல், அதற்கும் இப்பால் களப்பின் உவர்த்தரை. மலைநாட்டில் ஏற்றமும் இறக்கமும் உங்களிடம் கேட்கிற பலத்தையும் நிதானத்தையும் இங்கே மண்ணும் வெயிலும் காற்றும் கேட்கும். சமதரையில் எதிர்க்காற்றோடு பதினைந்து கிலோமீற்றர் மணற்பாதை ஓடியவர் எவரும் வன்னியை இலேசான இடம் என்று சொல்லமாட்டார்.

தங்குவதற்கு நான் ஒட்டுசுட்டானைச் சொல்வேன். அது ஒரு சந்தியைச் சுற்றி வளர்ந்த சிறு பட்டணம். மேற்கே மாங்குளம், கிழக்கே முல்லைத்தீவு, வடக்கே புதுக்குடியிருப்பு, தெற்கே நெடுங்கேணி என்று நாலு திசைக்கும் வீதி பிரிகிறது. தான்தோன்றீஸ்வரர் கோவிலும் கடைகளும் அடுத்தடுத்து இருக்கின்றன. மாங்குளத்திலிருந்து முல்லைத்தீவுக்குப் போகும் ஏறத்தாழ ஐம்பது கிலோமீற்றர் வீதியின் நடுப்பகுதியில் அது அமைந்திருப்பதால் காடும் குளமும் கடலும் ஒரு நாள் ஓட்டத்துக்குள் அடங்கும். 2013-இல் கிளிநொச்சி வரை மீண்டும் திறக்கப்பட்ட வடபகுதிப் புகையிரதப் பாதையில் மாங்குளம் ஒரு நிலையம். அங்கே இறங்கி, ஒலுமடு, கரிப்பட்டமுறிப்பு வழியாகச் சைக்கிளிலேயே ஒட்டுசுட்டானுக்கு வரலாம். சைக்கிளைப் பொதியாகப் பதிந்து அனுப்புவது பற்றி, நீங்கள் ஏறும் நிலையத்தில் முதல் நாளே கேட்டு வையுங்கள். எல்லா வண்டிகளிலும் அதற்கு இடம் இருக்காது. முல்லைத்தீவில் தங்கினால் கடற்காற்று கிடைக்கும், ஆனால் காட்டுப் பக்கமும் குளப் பக்கமும் போய்வர ஒவ்வொரு நாளும் வீதியிலேயே நேரம் போய்விடும். அதனால்தான் நான் ஒட்டுசுட்டானை விடவில்லை.

முதல் நாளை முத்தையன்கட்டுக் குளத்துக்குக் கொடுங்கள். பட்டணத்திலிருந்து சில கிலோமீற்றரில் அது இருக்கிறது. பேராற்றை மறித்துக் கட்டிய பெருங்குளம். கட்டின்மேல் ஓடும்போது ஒரு பக்கம் அலைகரை, மறுபக்கம் பல அடி தாழ்வில் வயலும் மரங்களும். காலையில் நாரைகளும் நீர்க்காகங்களும் பட்ட மரங்களில் நிறைந்திருக்கும். மவுண்டன் சைக்கிளோடு வருகிற இளைஞர்கள் எல்லாரையும் கட்டின் சரிவு ஆசை காட்டும். அதில் நெட்டாக இறங்கி மறுபடி ஏறிப் பழகத் தோன்றும். தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். கட்டின் வெளிச்சரிவைக் காப்பது அதில் வளர்ந்திருக்கும் புல். ரயர் ஒரே கோட்டில் நாலு முறை இறங்கினால் புல் வேரோடு கழன்று ஒரு கீறல் விழும். மாரியில் கட்டின்மேல் விழும் மழைநீர் அந்தக் கீறலைத் தேடி ஓடும். ஒரே பருவத்தில் அது முழங்கால் ஆழ ஓடையாகிவிடும். மாடுகள் ஏறி இறங்கிய தடங்களே அப்படி ஓடையாகி, ஐப்பசியில் மண்மூட்டை அடுக்க ஓடிய இரவுகளை நான் மறக்கவில்லை. கட்டுக்கு மேலே ஓடுங்கள். கீழே இறங்க வேண்டுமென்றால் உழவு இயந்திரம் இறங்கும் சாய்வுப் பாதையால் இறங்குங்கள்.

கட்டிலிருந்து துருசடிக்கு வந்தால் வலதுகரை, இடதுகரை என்று இரண்டு வாய்க்கால்களும் அவற்றின் பெயராலேயே அழைக்கப்படும் குடியிருப்புகளும் விரியும். வாய்க்கால் கரைப் பாதைகளே என் கணிப்பில் இந்தப் பயணத்தின் மிகச் சிறந்த ஓட்டம். ஓரிடத்தில் இரண்டு சில்லு உழவு இயந்திரம் போகும் அகலம், அடுத்த வளைவில் ஒற்றைச் சைக்கிள் மட்டும் போகும் ஒடுக்கம். மருதமர வேர்கள் படிக்கட்டுப்போல் குறுக்கே கிடக்கும். கிளை வாய்க்கால்மேல் ஒரு பலகையோ பனங்குற்றியோ பாலமாகப் போட்டிருப்பார்கள். நிதானமும் சமநிலையும் பழக இதைவிட நல்ல இடம் இல்லை, விழுந்தாலும் புல்லில்தான் விழுவீர்கள். குளம் நிரம்பி மேலதிக நீர் வான் (வழிந்தோடும் வாசல்) பாயும் காலமானால் மட்டும், அந்த வானுக்குக் கீழே சீமெந்துத் தளத்தின்மேல் நீர் ஓடும் இடத்தைக் கடக்க நினைக்காதீர்கள். கணுக்கால் அளவு நீர்தானே என்று தோன்றும். அடியில் பாசி வழவழக்கும், இழுவையும் கண்ணுக்குத் தெரியாது. வயல் வரம்பில் ஓடுவதும் கூடாது. வரம்பு உடைந்தால் நீர் அடுத்தவர் வயலுக்குப் போய்விடும், அதனால் வரும் சண்டை நீங்கள் ஊர் திரும்பிய பின்னும் தீராது.

இரண்டாம் நாளுக்கு உரிய செம்மண் தோட்டப் பக்கத்தைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. வாழையும் பப்பாசியும் கச்சானும் செய்கிற காணிகளுக்கிடையே வேலியோர ஒழுங்கைகள் போகின்றன. மழை விட்ட மறுநாளே ஓடக்கூடிய மண் இது. அரை நாள் போதும். மருமகனை முன்னே விட்டு நீங்கள் பின்னே வரலாம்.

இனி மூன்றாம் நாளுக்கான காட்டுப் பாதை. இங்கேதான் உறுதியானதையும் ஐயத்துக்குரியதையும் பிரித்துச் சொல்ல வேண்டும். உறுதியானது இது: 2009 மே மாதத்தில் போர் முடிந்தபின் வன்னியில் பெரும் பரப்பில் மிதிவெடிகள் அகற்றப்பட்டுவிட்டன, வேலை முற்றாக முடியவில்லை. இலங்கை 2017 டிசம்பரில் மிதிவெடித் தடை உடன்படிக்கையில் இணைந்தது. அகற்றி முடிப்பதற்கான காலக்கெடு 2028 ஜூன் 1. மிதிவெடி எச்சரிக்கைப் பலகையோ சிவப்பு முனைக் குற்றிகளோ கண்டால் அதற்கப்பால் ஓர் அடியும் வைக்கக்கூடாது. பலகை இல்லாததைப் பாதுகாப்பின் அடையாளமாக எடுத்துக்கொள்ளவும் கூடாது, ஏனெனில் வெடிக்காத எறிகணைகள் காடு வெட்டும்போதும் கிணறு தோண்டும்போதும் வெள்ளம் மண்ணை அரித்த பிறகும் வெளிப்படுகின்றன. அப்படி ஏதாவது கண்ணில் பட்டால் தொடாமல், படம் எடுக்க நெருங்காமல், வந்த தடத்திலேயே திரும்பிப் போய்க் கிராம உத்தியோகத்தருக்கோ 119 இலக்கத்தில் பொலிசாருக்கோ சொல்லுங்கள். ஐயத்துக்குரியது, ஒரு குறிப்பிட்ட பாதை ஒரு குறிப்பிட்ட நாளில் எப்படி இருக்கும் என்பது. அதை இங்கிருந்து நானோ உங்கள் கைத்தொலைபேசி வரைபடமோ சொல்ல முடியாது. வரைபடத்தில் கோடாகத் தெரியும் பாதை பத்து ஆண்டுகளாக எவரும் போகாத பழைய மரவண்டித் தடமாக இருக்கலாம்.

ஆகவே நான் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்த விதி ஒன்றே: இன்றோ நேற்றோ ஒரு சில்லு போன தடத்தில் மட்டும் ஓடு. விறகுக்கும் தேனுக்கும் பட்டி மாட்டுக்கும் போகிறவர்களின் சைக்கிள் தடம், உழவு இயந்திரத் தடம், இவைதான் உங்கள் பாதை. தடம் மங்கத் தொடங்கும் இடத்தில் திரும்பிவிடுங்கள். வழி கேட்பதிலும் ஒரு முறை உண்டு. “அண்ணை, இதாலை போகலாமோ?” என்று கேட்டால் பெரும்பாலானோர், வந்தவரை ஏமாற்றக்கூடாது என்ற நல்ல மனத்தால், “போகலாம்” என்றே சொல்வார்கள். “அண்ணை, நேற்று இதாலை ஆர் போனது?” என்று கேளுங்கள். அதற்குப் பெயரோடு விடை வந்தால் போங்கள். “முந்தி போறவை” என்று வந்தால் திரும்புங்கள். ஊரவர் ஒருவரைக் கூலி கொடுத்துத் துணைக்கு அழைத்துச் செல்வது எல்லாவற்றிலும் நல்லது. ஒதுக்கக் காட்டுக்குள் அனுமதியின்றி நுழைவது குற்றம் என்பதையும், இராணுவ முகாம்களின் வேலியோரமாகப் படம் எடுக்கக்கூடாது என்பதையும் இதோடு சேர்த்து மனத்தில் வையுங்கள். நெடுங்கேணி வீதியிலிருந்தும் மாங்குளம் வீதியிலிருந்தும் கிராமங்களுக்குப் பிரியும் கிரவல் வீதிகளே ஒரு நாளுக்குப் போதுமான காட்டு ஓட்டத்தைத் தரும். பாலையும் வீரையும் முதிரையும் இரு பக்கமும் நிற்கும். வாகனங்கள் ஓடி ஓடிக் கிரவல் அலையலையாக மடிந்த இடங்களில் முன் கவையின் அதிர்வு தாங்கி தன் விலைக்கான வேலையைச் செய்யும்.

மிருகங்களைப் பற்றி உங்கள் நண்பர் கேட்டிருந்ததற்கும் இங்கேயே பதில் சொல்கிறேன். சைக்கிள் சத்தமில்லாமல் போவது. அதுவே காட்டில் அதன் ஆபத்து. கரடி மனிதரைத் தேடி வருவதில்லை, திடீரென்று எதிர்ப்பட்டால்தான் பாயும். ஆனி, ஆடி மாதங்களில் பாலை பழுக்கும்போது அது பாலை மரங்களைச் சுற்றியே நிற்கும். ஒருமுறை நான் குறுக்கு வழி என்று மாட்டுத்தடம் ஒன்றில் திரும்பி, பழம் பொறுக்கிக்கொண்டிருந்த கரடியின் இருபது அடிக்குள் போய்விட்டேன். சில்லு ஒரு காய்ந்த மட்டையில் ஏறி முறித்த சத்தம்தான் என்னைக் காப்பாற்றியது, அது எழுந்து பார்த்துவிட்டு விலகியது. அன்றிலிருந்து வளைவுக்கு வளைவு மணி அடிக்கிறேன். யானைக்கு வழி வேறு: ஈரம் காயாத இலத்தியோ புதிதாக முறிந்த கிளையோ கண்டால் அந்தப் பாதையை அன்றைக்கு விட்டுவிட வேண்டும். மிருகங்கள் மட்டும் போகும் ஒற்றையடித் தடத்தில் ஓடவே கூடாது என்பதற்கு இன்னொரு காரணமும் இருக்கிறது. சட்டத்துக்கு மாறாகச் சிலர் அத்தடங்களில் பன்றிக்குக் கட்டுத்துவக்கு (கால் பட்டால் தானே வெடிக்கும் பொறித் துவக்கு) வைக்கிறார்கள், தோட்டத்தைச் சுற்றி மின்கம்பியும் இழுக்கிறார்கள். இரண்டுக்கும் மனிதர்கள் பலியாகியிருக்கிறார்கள். வெயிலுக்குப் பயந்து விடியுமுன் புறப்பட நினைப்பீர்கள். விடியலும் அந்தியும் யானையின் நேரம். வெளிச்சம் நன்றாகப் பரவிய ஆறரைக்குப் புறப்பட்டு பத்தரைக்குள் நிழலுக்கு வந்துவிடுங்கள். பின்னேரம் மூன்றரைக்குப் பிறகு குடியிருப்புப் பக்கமாக மட்டும் ஓடி, ஐந்தரைக்கு முன் தங்குமிடம் சேருங்கள்.

நான்காம் நாள் கிழக்கே போகலாம். முள்ளியவளை, தண்ணீரூற்று வரை தார் வீதி. அங்கிருந்து வற்றாப்பளைக் கண்ணகை அம்மன் கோவிலுக்குத் திரும்பினால் நந்திக்கடல் களப்பின் மேற்குக் கரை. கோடையில் களப்பு வற்றும்போது ஓரத்தில் உப்புப் படிந்த தட்டையான தரை தெரியும். மேலே காய்ந்து அடியில் சேறாக இருக்கும் இடங்களில் சில்லு அச்சுவரை புதையும் என்பதால், மீனவர்கள் சைக்கிள் உருட்டிப் போகும் தடத்தை விடாதீர்கள். வைகாசிப் பொங்கல் நாட்களில் அங்கே பெருஞ்சனம் கூடும்; அப்போது போவதானால் கும்பிடப் போங்கள், சைக்கிளோட்டத்தை வேறு நாளுக்கு வையுங்கள். முல்லைத்தீவுக் கடற்கரையில் ஈரமணலில் ஓடலாம், ஆனால் எங்கள் கடலில் வற்றுப்பெருக்கு சிறியதாகையால் இறுகிய மணற்பட்டை ஒடுங்கியது. கரைவலை இழுக்கிறவர்களுக்கு வழிவிட்டு இறங்கி நடக்க வேண்டியிருக்கும். வட்டுவாகல் பாலத்தைக் கடந்தால் முள்ளிவாய்க்கால். அங்கே போவதானால் சைக்கிளை உருட்டிக்கொண்டு, அமைதியாக நின்றுவிட்டு வாருங்கள். அந்த மணலில் விளையாட்டாக ஓடுவது தகாது. தங்கள் பிள்ளைகளை அங்கே விட்டவர்கள் இன்னும் அதே ஊர்களில் வாழ்கிறார்கள்.

காலத்தைப் பொறுத்தவரை மாசி நடுவிலிருந்து பங்குனி முடியும்வரை வாருங்கள். ஐப்பசியிலிருந்து தை வரை வாடைக்காற்றோடு மாரி மழை. களி நிலம் மழை விட்டு ஒரு கிழமையானாலும் ஓட விடாது. மாசியில் குளங்களில் நீர் நிற்கும், தரை இறுகியிருக்கும், காலை குளிராக இருக்கும். பெரும்போக அறுவடைக் காலம் அது. தார் வீதியோரத்தில் நெல் காயப் போட்டிருப்பார்கள், அதைச் சுற்றிப் போங்கள். வைகாசிக்குப் பிறகு சோழகக் காற்று தென்மேற்கிலிருந்து நாள் முழுக்க அடிக்கும். அப்போது வருவதானால் காலையில் எதிர்க்காற்றில் போய் வெயிலேறிய பின் காற்றோடு திரும்பும்படி பாதையைத் திட்டமிடுங்கள்.

சைக்கிள் பற்றிய கேள்விக்கு வருகிறேன். இரண்டு சில்லுக்கும் அதிர்வு தாங்கி உள்ள விலையுயர்ந்த சைக்கிள் தேவையில்லை. முன்கவையில் மட்டும் இருந்தால் போதும். முக்கியமானது ரயரின் அகலம்: இரண்டேகால் அங்குலத்துக்குக் குறையாமல் இருக்கட்டும். காட்டிலும் வாய்க்கால் கரையிலும் எழுபது கிலோ எடையுள்ளவருக்கு இருபத்தெட்டு இறாத்தல் (psi) அளவு காற்றும், மணலில் அதைவிடக் குறைவாகவும் வையுங்கள். ரியூப் உள்ள ரயரில் மிகக் குறைத்தால் வேரில் அடிபட்டு ரியூப் வெட்டுப்படும். வன்னியில் உங்கள் பெரிய எதிரி முள். விடத்தல், சூரை, உடை, இலந்தை எல்லாமே பாதையில் உதிர்ந்து கிடக்கும். வேலி வெட்டிய நாட்களில் ஒரே ரயரில் ஏழு ஓட்டை கண்டிருக்கிறேன். ரியூப் இல்லாத ரயரில் ஒட்டுத் திரவம் விட்டு வருவதே சிறந்தது. ரியூப் போட்டு வருவதானால் ஆளுக்கு மூன்று ரியூப் கொண்டு வாருங்கள். ஊர்க் கடைகளில் பெரும்பாலும் 26, 28 அங்குல அளவுகளே கிடைக்கும், 29 அங்குலம் கிடைப்பது அரிது. மெல்லிய வால்வுக்கு ஊர்ப் பம்பு பொருந்தாது, ஆகவே உங்கள் பம்பும் இணைப்பானும் கையில் இருக்கட்டும். எண்ணெய் பிறேக்குக்கு வேண்டியவற்றையும் மேலதிக பிறேக் கட்டையையும் கொழும்பிலேயே வாங்கிவிடுங்கள். களப்பிலிருந்து திரும்பிய அன்றே நன்னீரால் கழுவிச் சங்கிலிக்கு எண்ணெய் விடாவிட்டால் உப்பு ஓரிரவில் துருவைக் கொண்டுவந்துவிடும்.

ஓடும் ஒவ்வொரு மணித்தியாலத்துக்கும் ஆளுக்கு ஏறத்தாழ முக்கால் லீற்றர் நீர் வேண்டும். காட்டுப் பக்கம் போகும் நாளில் மூன்று லீற்றருக்குக் குறையாமல் முதுகில் காவுங்கள், குளத்து நீரைக் குடிக்காதீர்கள். கடையில் மோரோ உப்புப் போட்ட தேசிக்காய்த் தண்ணீரோ கேட்டால் தருவார்கள். விபத்தென்றால் 1990 இலக்கத்துக்கு அழைத்தால் இலவச நோயாளர் காவுவண்டி வரும். அதற்கு நீங்கள் நிற்கும் இடத்தைச் சொல்லத் தெரிய வேண்டும், ஆகவே கடந்து வந்த குளத்தின் பெயரையும் கோவிலின் பெயரையும் ஒரு கடதாசியில் எழுதிக்கொண்டே போங்கள். காட்டுக்குள் பல இடங்களில் தொலைபேசி எடுக்காது. மருமகனைப் பொறுத்தவரை, முதல் நாள் குளக்கட்டிலும் வாய்க்கால் கரையிலும் அவன் எப்படி ஓடுகிறான், சொன்ன இடத்தில் நிற்கிறானா என்று பாருங்கள். நின்றால் மூன்றாம் நாள் கிரவல் வீதிக்கு அழைத்துச் செல்லுங்கள். நிற்காவிட்டால் அன்றைக்கும் முத்தையன்கட்டிலேயே ஓடட்டும், மறுகரையில் நீங்கள் இன்னும் பார்க்காத வாய்க்கால் ஒன்று இருக்கும்.